வாடுதேன்னு தண்ணி ஊத்தாதீங்க: தொட்டிக் கேக்டஸின் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

போன புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் கூடல்நகரிலிருந்து சித்தி வந்தார். கையில் மஞ்சப்பை. பைக்குள் ஒரு பீங்கான் கிண்ணம், அதில் சாத்துக்குடி அளவில் ஓர் உருண்டைக் கேக்டஸ். ஒரு பக்கமாகச் சாய்ந்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, பச்சை மங்கிப் போயிருந்தது.

“நல்லாத்தான் இருந்துச்சுப்பா. பத்து நாளா சுருங்கிக்கிட்டே போகுது. தண்ணி பத்தலையோன்னு காலையிலயும் சாயங்காலமும் ஊத்துறேன். ஊத்த ஊத்த இன்னும்ல சுருங்குது!”

செடியைப் பிடித்து லேசாக அசைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. பழைய பேப்பரை நீளவாக்கில் நாலாக மடித்து, செடியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தேன். ஈரத் தேங்காய் நார்க்கழிவு ஒரே கட்டியாக வெளியே வந்தது. சாக்கடை தூர்வாரிப் போட்ட இடத்தில் அடிக்கும் வாடை. வேர்கள் காப்பித்தூள் நிறம். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை கழன்றது போல விரலோடு வந்துவிட்டது, உள்ளே மயிரிழை மாதிரி ஒரு நார் மட்டும் நின்றது. கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஓட்டை இல்லை.

சித்தியின் செடி தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு தாகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரை உறிஞ்சுவது வேரின் வேலை. வேர் அழுகிவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் உடம்புக்கு ஒரு சொட்டுகூட ஏறாது. அப்போது செடி சுருங்கும். தண்ணீரே இல்லாமல் காயும் செடியும் இதே போலத்தான் சுருங்கும். ஒரே அறிகுறி, நேர் எதிரான இரண்டு காரணம். சுருக்கத்தை மட்டும் பார்த்து வைத்தியம் பார்த்தால் பாதி நேரம் நாமே செடியைக் கொன்றுவிடுவோம். கேக்டஸ் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்: இந்தச் செடியின் பெரிய நோய்கள் கீழே தொடங்கி, பல நாள் கழித்து மேலே தெரிகின்றன. மேலே தெரிந்ததும் கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில், இது கேக்டஸ்தானா?

நாம் கள்ளி என்று சொல்வதெல்லாம் கேக்டஸ் அல்ல. அழகர்கோவில் பக்கம் வேலியோரத்தில் நிற்கும் திருகுக்கள்ளியும் சதுரக்கள்ளியும் ஆமணக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கேக்டஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் மரத்தில் தொற்றித் தொங்கும் ஒரே ஓர் இனம் மட்டும் விதிவிலக்கு. நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி கேக்டஸ்தான், ஆனால் அதுவும் கப்பல் ஏறி வந்தது. அதனால் சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி நிச்சயமாக இந்தத் தொட்டிச் செடியின் சொந்தக்காரன் அல்ல.

அடையாளம் பார்ப்பது எளிது. கேக்டஸின் முள் தோலிலிருந்து நேராக முளைக்காது. பஞ்சு வைத்தாற்போல ஒரு சின்னத் திண்டு இருக்கும், அதிலிருந்துதான் முள்ளும் பூவும் கிளையும் வரும். பால் கள்ளிகளில் அந்தத் திண்டு இருக்காது. பெரும்பாலும் முள் இரண்டிரண்டாக விளிம்பிலிருந்து நேராக வரும். வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நான் பின்னால் சொல்லப்போகும் ‘வெட்டிக் காப்பாற்றும்’ வேலையைப் பால் கள்ளியில் செய்வதானால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இன்னொரு விஷயம் தெரிந்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும். மற்றச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்குகின்றன. கேக்டஸ் பகல் முழுக்க மூடி வைத்திருந்து இரவில்தான் திறக்கிறது. பகல் வெயிலில் திறந்தால் உள்ளே சேர்த்துவைத்த தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இதன் பிறந்த ஊர்களில் பகல் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி குளிர்ந்துவிடும். மதுரையில் சித்திரை, வைகாசி ராத்திரிகளில் ஃபேன் காற்றே அனலாக வருவது நமக்குத் தெரியும். அந்த மாதங்களில் நிறைய உருண்டைக் கேக்டஸ்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ‘வெயில் கொளுத்துதே, பாவம்’ என்று நாம் அப்போதுதான் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். குடிக்க ஆள் இல்லாத தண்ணீர் சூடான தொட்டிக்குள் கிடந்து வேரை வேகவைக்கிறது.

ஆட்டு, அமுக்கு, தூக்கு, கவிழ்

செடியில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் தண்ணீர்க் குவளையையும் மருந்தையும் தள்ளி வைத்துவிட்டு நான்கு காரியம் செய்யுங்கள்.

ஆட்டிப் பாருங்கள். நன்றாக வேர் பிடித்த செடி அசையும்போது தொட்டியும் சேர்ந்து அசையும். செடி மட்டும் தனியாக ஆடினால் கீழே பிடிப்பு போய்விட்டது.

அமுக்கிப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே ஒரு பென்சிலின் பின்பக்கத்தை வைத்து, மண்ணை ஒட்டிய அடிப்பகுதியில் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. ரப்பர் பந்து போல அமுங்கித் திரும்பினால் தண்ணீர்க் குறைவாக இருக்கலாம். கனிந்த கொய்யா போல உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டால் அழுகல். இந்த ஒரு சோதனை நிறைய வீண் பயத்தைப் போக்கும். வயதான கேக்டஸ்களில் அடிப்பகுதி மரப்பட்டை நிறத்தில் பழுப்பாகும். புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்து அழுகிவிட்டது என்று பதறுவார்கள். அமுக்கினால் கல் மாதிரி இருக்கும். அது மூப்பு, நோய் அல்ல. அடியிலிருந்து மெல்ல மேலே ஏறும், காய்ந்திருக்கும், வாடை இருக்காது. அழுகல் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ, ஈரப் பளபளப்போடு, சில நாளிலேயே பரவும்.

தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்று தொட்டி எவ்வளவு கனம், காய்ந்த பிறகு எவ்வளவு கனம் என்று கைக்கு ஒரு கணக்கு வந்துவிடும். கை பழகும் வரை ஊதுபத்தி எரிந்து மிஞ்சும் மூங்கில் குச்சி போதும். தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி கருத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்மண் காய்ந்திருப்பதை நம்பாதீர்கள். மதுரைக் காற்றில் மேல்மண் அரை நாளில் காய்ந்துவிடும், அடியில் ஒரு வாரம் ஈரம் நிற்கும்.

இந்த மூன்றிலும் சந்தேகம் தீராவிட்டால் கவிழ்த்துப் பாருங்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தால் செத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். மல்லிகையை அப்படிப் பிடுங்கினால் வாடும். கேக்டஸ் தன் உடம்பிலேயே தண்ணீர் வைத்திருக்கிறது, வேர் வெளியே தெரிய ஒரு வாரம் நிழலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. நல்ல வேர் வெளிர் நிறமாகவோ மண் நிறமாகவோ இருக்கும், இழுத்தால் அப்படியே அறுபடும், தோல் உருவிக்கொண்டு வராது.

குச்சி காய்ந்து வந்து, செடியும் ஆடாமல், சுருக்கம் மட்டும் இருந்தால் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். சில நாளில் மடிப்பு விரிந்து மினுமினுப்பு வந்துவிடும். ஒரு வாரமாகியும் விரியவில்லை என்றால் இரண்டாவது முறை ஊற்றாதீர்கள். கவிழ்த்துப் பார்க்க வேண்டிய நேரம் அது.

அழுகல்

வேரை அழுகவைப்பவை பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற கிருமிகள். முதல் இரண்டின் வித்துகள் தண்ணீரில் நீந்தக்கூடியவை. மண் துகள்களுக்கு இடையே தண்ணீர் நின்றால் அவற்றுக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. மண் சீக்கிரம் காய்ந்துவிட்டால் அவை இருந்தும் பெரிதாகச் சாதிக்க முடியாது. அதனால்தான் அழுகலுக்கு மருந்தைவிட மண் முக்கியம் என்கிறேன்.

அழுகிய செடியைக் காப்பாற்ற ஒரே வழி கத்தி. மருந்து ஊற்றிக் காத்திருப்பது வீண். அழுகிப்போன சதை மறுபடி நல்ல சதை ஆகாது. மெல்லிய கூர்மையான கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்து, கெட்ட பகுதிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒரு வட்டம் தெரியும். செடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் அவை. அந்த வட்டம் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்க வேண்டும். அதில் ஊசிமுனை அளவு ஆரஞ்சோ பழுப்போ தெரிந்தாலும் நோய் அந்தக் குழாய் வழியாக மேலே போய்விட்டது என்று பொருள். கத்தியை மறுபடி ஸ்பிரிட்டில் துடைத்து, இன்னும் அரை விரற்கடை மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே துடைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தியே நோயை மேலே ஏற்றிவிடும். சுத்தமான வட்டம் கிடைக்கும் வரை நிறுத்தாதீர்கள். இரக்கப்பட்டுப் பழுப்போடு விட்டுவைத்த செடிகள் என்னிடம் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

வெட்டு முகத்தில் கந்தகத் தூள் தூவலாம். பட்டைத் தூளும் மஞ்சள் தூளும் போடுகிறவர்கள் உண்டு, நானும் மஞ்சள் போட்டிருக்கிறேன். ஆனால் செடியைக் காப்பது தூளைவிட, வெட்டு முகத்தை நன்றாகக் காயவிடுவதுதான். காற்றோட்டமான நிழலில், வெட்டு முகம் எதிலும் படாதபடி ஒரு டம்ளரின் வாயில் உட்கார வைத்துப் பத்து, பதினைந்து நாள் விட்டுவிடுங்கள். முகம் காய்ந்து தோல் போலக் கெட்டியாகி, உள்பக்கம் லேசாகக் குழிந்துவிடும். பிறகு காய்ந்த மண் கலவையின் மேல் வெறுமனே வைத்தால் போதும், புதைக்க வேண்டாம். வேர் விடும் வரை தண்ணீர் கிடையாது. சிலது மூன்று வாரத்தில் விடும், சிலது இரண்டு மாதம் எடுக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும்.

சிவப்பு, மஞ்சள் தலை வைத்த கேக்டஸ் வாங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நர்சரிகளில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். அது இரண்டு செடி. மேலே இருக்கும் வண்ண உருண்டையில் பச்சையமே இல்லை, தானாக உணவு தயாரிக்காது. கீழே மூன்று பட்டையாக நிற்கும் பச்சைத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் இனம். அதன்மேல் ஒட்டுக்கட்டி, அதன் உணவில் தலை வாழ்கிறது. ஆகவே தலையை வெட்டி மண்ணில் வைத்தால் வேர் விட்டாலும் பிழைக்காது. கீழ்த்தண்டு அழுகினால் வேறொரு தண்டில் மறுபடி ஒட்டுக்கட்டத்தான் வேண்டும். இந்த ஒட்டுச் செடி பொதுவாகச் சில வருடமே தாங்கும். அதை இழந்தவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. டிராகன் பழத் தண்டுக்கு நம் ஊர் மத்தியான வெயில் ஆகாது, காலை வெயில் மட்டும் போதும்.

தொட்டியும் மண்ணும் தண்ணீரும்

கடையிலிருந்து வரும் கேக்டஸ் பெரும்பாலும் நார்க்கழிவில் இருக்கும். லேசாக இருப்பதால் வண்டியில் ஏற்றி அனுப்ப வசதி. வளர்ப்பவருக்குத்தான் சிரமம். நனைந்தால் நாள்கணக்கில் காயாது, முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாமல் ஓரமாக வழிய விட்டுவிடும். மேலே வெள்ளைக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் உள்ளே ஈரமா காய்ந்ததா என்றே தெரியாது. சில செடிகளின் தலையில் காய்ந்த பூவைப் பசையால் ஒட்டியும் விற்கிறார்கள். எவ்வளவு நாளானாலும் வாடாத பூ இருந்தால் சந்தேகப்படுங்கள். வாங்கி வந்ததும் கூழாங்கல்லை எடுத்துவிட்டு, நார்க்கழிவை வேர் அறுபடாமல் உதிர்த்துவிட்டு மாற்றி நடுவதுதான் நான் முதலில் செய்யும் வேலை.

என் கலவை இது. இரண்டு பங்கு செங்கல் நொறுக்கு அல்லது மிளகு முதல் கொண்டைக்கடலை வரை அளவுள்ள ஜல்லி, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம். செங்கலை உடைத்தால் வரும் தூளை மாவுச் சல்லடையில் சலித்துக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூள்தான் ஓட்டையை அடைத்துச் சேறாக்கும். எம்-சாண்ட் போடுவதானாலும் நாலு தண்ணீர் விட்டு அலசிவிட்டுப் போடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்குத் தங்கம், தொட்டிக் கேக்டஸுக்கு வேண்டாம். நனைந்தால் உப்பிப் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் இன்னும் ஜல்லி போடுங்கள்.

தொட்டியின் அடியில் ஒரு அடுக்குக் கல் பரப்பினால் தண்ணீர் வடிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மையல்ல. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், தான் நிறைந்து ததும்பும் வரை கீழே இருக்கும் பெரிய கல்லுக்குள் இறங்காது. கல்லுக்கு மேலேயே ஈரம் தங்கிவிடும், வேர் இருக்கும் இடம்தான் சுருங்கும். கல்லை மண்ணோடு கலப்பதுதான் வழி. ஓட்டையில் ஒரு ஓட்டுச்சில்லு வைத்தால் மண் கொட்டாது, அது போதும்.

தொட்டிக்கு நான் மண் தொட்டியைத்தான் சொல்வேன். மானாமதுரைக் குயவர்கள் கடம் செய்யும் ஊர் நமக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, மண் தொட்டிக்கா நமக்குப் பஞ்சம்? மண் தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும். செடியைவிட ஒன்று, இரண்டு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி போதும். ‘வளரட்டும்’ என்று பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரமாகவே கிடக்கும். மாற்றி நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் விடாதீர்கள், அறுந்த வேர் நுனிகள் ஆற வேண்டும்.

தண்ணீரைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. எவர்சில்வர் குடத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம் மண்ணிலும் தொட்டிச் சுவரிலும் படிகிறது. நாளடைவில் மண் காரமாகி, செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் உச்சி வெளிறி மஞ்சளாகும். அதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது. வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பாத்ரூம் கழுவ வையுங்கள், கேக்டஸுக்கு வேண்டாம். மழைத்தண்ணீரைப் பிடித்து மூடி வைத்துக்கொள்ளலாம். ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதையும் ஊற்றலாம். இரண்டும் இல்லையென்றால் மழைக்காலத்தில் ஒரு நல்ல மழையில் தொட்டியை முழுக்க நனையவிட்டு, உப்பு கரைந்து அடிவழியே வெளியேறியதும் கூரைக்குக் கீழே கொண்டுபோய்விடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்காத ஆள் இல்லை. நாள் கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை. குச்சி காய்ந்து வந்த பிறகு இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்து, அடியில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தெளிப்பது வேண்டாம், ஊற்றினால் முழுக்க ஊற்ற வேண்டும். கோடையில் பொழுது சாய்ந்து தொட்டி ஆறிய பிறகு ஊற்றுவது நல்லது. மழைக்காலத்தில், தேவைப்பட்டால், காலையில்.

வெயில்: கூடினாலும் குறைந்தாலும்

பாலைவனச் செடி, எவ்வளவு வெயிலும் தாங்கும் என்று நம்பி நர்சரியிலிருந்து வந்த அன்றே மொட்டை மாடியில் வைத்தால் மூன்றே நாளில் சுட்டுவிடும். அந்தச் செடி அதுவரை பச்சை வலைக்குக் கீழே வளர்ந்தது. தோல் முதலில் வெளிறும், பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை, கடைசியில் தக்கை போல ஒரு காய்ந்த தழும்பு. வெயில் படும் பக்கம் மட்டும் இருந்தால் வெயில் தழும்புதான், சுற்றிலும் இருந்தால் வேறு காரணம் தேடுங்கள். தழும்பு ஆறாது, ஆனால் பரவவும் செய்யாது. செடியை அதற்காக வெட்ட வேண்டாம். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்குங்கள். பங்குனி முதல் ஆனி வரை மத்தியானத்தில் பாதி நிழல் தரும் வலை கட்டாயம் வேண்டும். கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மாடித் தளத்தில் நேராக வைக்காதீர்கள். வெறுங்காலோடு நாம் நிற்க முடியாத தளத்தில் வேர் மட்டும் எப்படி நிற்கும்? இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

வெயில் குறைந்தால் நேர் எதிர். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்த உருண்டைக் கேக்டஸ் ஒரு வருடத்தில் சுரைக்காய் மாதிரி நீண்டு, வெளிறி, முள் மெலிந்து நிற்கும். பார்க்க வளர்ச்சி போலத் தெரியும், வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கிற தவிப்பு அது. நீண்ட பகுதி மறுபடி தடிக்காது. வெளிச்சத்துக்கு மாற்றினால் அதற்கு மேல் வருவது சரியாக வரும்.

பூச்சிகள்

தொட்டியைச் சுற்றி எறும்பு வரிசை போனால் உடனே உற்றுப் பாருங்கள். எறும்புக்குக் கேக்டஸில் வேலை இல்லை. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக வருகிறது, பதிலுக்கு அந்தப் பூச்சியை எதிரிகளிடமிருந்து காக்கிறது. பக்கத்தில் செம்பருத்தியோ கொய்யாவோ இருந்தால் அங்கிருந்தும் வந்திருக்கும். முள் திண்டுகளின் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு போல ஒட்டியிருக்கும். சில கேக்டஸ்களுக்கு இயல்பாகவே பஞ்சு உண்டு, அது எல்லாத் திண்டிலும் ஒரே சீராக இருக்கும். சந்தேகமாக இருந்தால் பல்குச்சியால் தொடுங்கள். பூச்சியானால் நசுங்கி ஒட்டும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுவிடுங்கள். வெயில் இறங்கிய பிறகு செய்யுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிப்பதும் உதவும். எறும்பை விரட்டாமல் இதைச் செய்தால் பலன் பாதிதான். இதே வகையில் வேரில் வாழும் பூச்சியும் உண்டு. கவிழ்க்கும்போது வேரிலும் தொட்டியின் உள்சுவரிலும் விபூதி பூசியது போலத் தெரிந்தால் அதுதான். மண் முழுவதையும் கொட்டிவிட்டு, வேரைக் கழுவிக் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள்.

தட்டைத் தட்டையாக வளரும் சப்பாத்தி இனத்தை வைத்திருப்பவர்கள், வெள்ளைப் பஞ்சை நசுக்கும்போது விரலில் ரத்தச் சிவப்புச் சாயம் ஏறினால் வேறு பெயர் சொல்ல வேண்டும். அது கோச்சினீல் பூச்சி. அதற்குத் தனி வரலாறே உண்டு. வெளியிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு நிலங்களையெல்லாம் ஆக்கிரமித்துக்கொண்டபோது, அதை அழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு கோச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். மனிதர் வெட்டித் தீராத கள்ளிக் காடுகளை அந்தச் சிறு பூச்சி தின்று தீர்த்தது. காட்டையே முடித்த பூச்சி ஒரு தொட்டியை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கண்டதும் அந்தத் தொட்டியைத் தனியே ஒதுக்கி, அடித்துத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிட்டு ஸ்பிரிட் வைத்தியத்தைத் தொடங்குங்கள். இந்த இனத்தைத் தொடும்போது முள்ளைவிடச் சுணைதான் படுத்தும். கையில் ஏறிவிட்டால் தேய்க்காமல் செல்லோடேப் ஒட்டி உரித்து எடுங்கள்.

சிலந்திப்பேன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பங்குனி வெக்கையிலும் ஆடிக் காற்றிலும், காய்ந்த நாட்களில் பெருகும். உச்சியின் இளந்தோலில் இரும்புத் துரு பிடித்தது போலப் பழுப்பு படரும். மூப்புப் பழுப்பு அடியிலிருந்து ஏறும், இது உச்சியில் தொடங்கும். இரண்டையும் பிரிக்க அந்த ஒரு வேறுபாடு போதும். வெள்ளைத் தாளை வைத்துச் செடியைத் தட்டுங்கள், விழும் தூளில் ஏதாவது நடக்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து சில நாள் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் குறையும், ஆனால் மண் நனையாதபடி தொட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். நனையும் கந்தகம் நல்ல மருந்துதான், கோடை வெயிலில் தெளித்தால் தோல் கருகிவிடும். செதில் பூச்சி தோலில் ஒட்டிய பழுப்புப் பொட்டு போல இருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்.

ஐப்பசி மழை

மதுரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகமாக வரும். நாலு நாள் தொடர்ந்து மூட்டம் போட்டுப் பெய்தால் தொட்டி காய வழியே இல்லை. மழை தொடங்கும் முன்பே செடிகளைத் தாழ்வாரத்துக்கோ, மழை அடிக்காத ஜன்னலுக்கோ மாற்றிவிடுங்கள். அந்த இரண்டு மாதத்தில் நான் பெரும்பாலும் தண்ணீரே ஊற்றுவதில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் திடீரென்று வரும் கோடை மழையைக் குறித்தும் கவனம் வேண்டும். கொதிக்கும் தொட்டியில் தண்ணீர் புகுந்து, மறுநாள் வெயில் ஏறினால் வேர் வெந்துவிடும். மழைக்குப் பிறகு தண்டு நீளவாக்கில் வெடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அளவுக்கு மீறிக் குடித்ததால் தோல் கிழிந்தது. நனையாமல் வைத்தால் காய்ந்து ஆறிவிடும். சாணி உரமோ யூரியாவோ தாராளமாகப் போட்டுக் கொழுக்கவைத்த செடியில் சதை இளகி, இந்த வெடிப்பும் அழுகலும் சுலபமாக வரும். மாற்றி நடுவதற்குத் தை, மாசி நல்ல காலம். மழை நின்றிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

சித்தியின் செடியில் மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது. முதல் இரண்டு வெட்டிலும் நடு வட்டத்தில் துருநிறம். மூன்றாவது வெட்டில்தான் வெள்ளை கிடைத்தது. சாத்துக்குடி போய் எலுமிச்சை அளவுதான் மிஞ்சியது. பன்னிரண்டு நாள் டம்ளர் வாயில் காய்ந்தது. பிறகு சின்ன மண் தொட்டியில், காய்ந்த செங்கல் நொறுக்கின் மேல் உட்கார்ந்து ஐப்பசி மழை முழுவதையும் சமையலறை ஜன்னலில் கழித்தது. கார்த்திகை கடைசியில் தூக்கிப் பார்த்தபோது அடியில் வெள்ளையாக இரண்டு வேர், அரிசி நீளத்துக்கு. அன்றைக்குத்தான் முதல் தண்ணீர்.

தை பிறந்ததும் கூடல்நகருக்குத் திருப்பிக் கொடுத்தேன், கூடவே ஒரு கட்டு ஊதுபத்திக் குச்சியும். போன வாரம் சித்தி போன் பண்ணினார்.

“லேசா சுருங்கின மாதிரி இருக்குப்பா. தண்ணி ஊத்தவா?”

“குச்சி எப்படி வருது சித்தி?”

“இரு, பார்த்துட்டு வர்றேன்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அடியில இன்னும் ஈரமாத்தான் இருக்கு.”

“அப்ப இன்னும் நாலு நாள் போகட்டும்.”